யாரும் கை வைக்காத பில்டு திங்கக்கிழமை காலைல எப்படி உடையுது?

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்களோடது ஒரே பெரிய ரெப்போ, பில்டு எல்லாம் பேஸல்ங்கற பில்டு டூல்ல. பைத்தான் சர்வீஸ் மட்டும் ஒரு இருபது இருக்கு. ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல நாப்பது லைன், எல்லாத்துக்கும் ரெண்டு ஈக்வல் போட்டு இந்த வெர்ஷன்தான்னு பின் பண்ணிட்டோம். எங்களுக்கு முன்னாடி இருந்த ஒருத்தர் எழுதி வச்சுட்டுப் போன ரூல் ஒண்ணு, அது பைத்தான் பேக்கேஜ் இறக்குற பிப் இன்ஸ்டால ஓட்டி எல்லாத்தையும் இழுத்துட்டு வரும். போன திங்கக்கிழமை ஒரு கமிட் கூட இல்லாமலே தானா பில்டும் டெஸ்டும் ஓட்டுற சிஐ செவப்பாயிடுச்சு, ஏதோ பேக்கேஜுக்கு வீல் பில்டு பண்ண முடியலன்னு எரர். எங்க லேப்டாப்ல எல்லாம் ஒழுங்கா ஓடுது. லீட் கடுப்பாகி எல்லா வீலையும் கிட்லயே போட்டுடுங்கன்னு சொல்றார். இதுக்கு நடுவுல டேட்டா டீமுக்கு பாண்டாஸ் லைப்ரரில வெர்ஷன் 2 வேணுமாம், பில்லிங் டீம் 1.5.3 விட்டு நகர மாட்டேன்னு நிக்கறாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்:

தம்பி, நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் இருக்கு, ஆனா நீங்க கேட்ட வரிசைல வராது. பாண்டாஸ் சண்டைய கடைசில பாப்போம். முதல்ல அந்த திங்கக்கிழமை.

"எல்லாத்தையும் பின் பண்ணிட்டோம்"னு எழுதிருக்கீங்க, அங்கதான் விஷயமே. நீங்க பின் பண்ணது உங்களுக்குத் தெரிஞ்ச நாப்பது பேக்கேஜ. அந்த நாப்பதும் தங்களோட வேலைக்கு வேற பேக்கேஜ கேக்கும், அது இன்னொண்ண கேக்கும், கடைசில இன்ஸ்டால் ஆகறது நாப்பத விட ரொம்ப ரொம்ப அதிகம். அந்த மீதி எல்லாத்துக்கும் வெர்ஷன முடிவு பண்றது யாருன்னா, பிப்போட ரிசால்வர், அன்னைக்கு பைபிஐங்கற பொது பேக்கேஜ் கிடங்குல என்ன இருக்கோ அத வச்சு. உங்க ஃபைல் மளிகைக் கடைக்கு எழுதிக் குடுத்த சீட்டு மாதிரி, பில் கிடையாது, பில்லு ஒவ்வொரு நாளும் வேற மாதிரி வரும்.

சரி அப்ப லேப்டாப்ல ஏன் ஓடுதுன்னு கேப்பீங்க. பேஸல்ல ரெண்டு கட்டம் இருக்கு. வெளியேர்ந்து சாமான் எடுத்துட்டு வர்றது ரெப்பாசிட்டரி ரூல், அப்புறம் கம்பைல் டெஸ்ட் எல்லாம் பண்றது ஆக்‌ஷன். ஆக்‌ஷனுக்குத்தான் சாண்ட்பாக்ஸ் கட்டுப்பாடெல்லாம். ரெப்பாசிட்டரி ரூல் நேரா ஹோஸ்ட் மெஷின்ல ஓடும், நெட்வொர்க் தொறந்திருக்கும், மெஷின்ல இருக்கற கம்பைலர் பைத்தான் எதை வேணா தொடும். அதோட இன்புட் மாறாத வரைக்கும் திரும்ப ஓடாது. உங்க ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் மாறல, அதனால உங்க லேப்டாப்ல என்னைக்கோ இழுத்த சாமான் அப்படியே உக்காந்திருக்கு. சிஐ ரன்னருக்கு புது டிஸ்க் கெடச்சிருக்கும், அது முதல்லேர்ந்து இழுத்திருக்கும், அன்னைக்கு உலகம் எப்படி இருந்துச்சோ அப்படி. ஒரு டெவலப்பர் கேஷ சுத்தமா தொடச்சுட்டு பில்டு பண்ணச் சொல்லுங்க, அவருக்கும் செவப்பு வரும், பந்தயம் கட்றேன்.

எரர் வீல் பில்டுல வந்துச்சுன்னு சொல்றதால இன்னொண்ணும் தெரியுது. பைத்தான் பேக்கேஜ் ரெண்டு ரூபத்துல வரும். வீல்னா ரெடியா கட்டி வச்சது, பிரிச்சுப் போட்டா முடிஞ்சுது. எஸ்டிஸ்ட்னா சோர்ஸ், உங்க மெஷின்ல கட்டணும். உங்க பைத்தான் வெர்ஷனுக்கும் ஓஎஸ்ஸுக்கும் பொருந்துற வீல் இல்லன்னா பிப் ஒரு வார்த்தை சொல்லாம எஸ்டிஸ்ட எடுத்து கட்ட ஆரம்பிச்சுடும். அத கட்டறதுக்குன்னு தனியா ஒரு தற்காலிக சூழல உருவாக்கும், அதுல செட்டப்டூல்ஸ், சைத்தான் மாதிரி பில்டு டூல் எல்லாத்தையும் புதுசா இறக்கும், அந்த இறக்குமதிக்கு உங்க பின்னும் பொருந்தாது, ஹாஷும் (ஃபைலோட கைரேகை மாதிரி) பொருந்தாது.

இதுக்கு நல்ல உதாரணம் 2023 ஜூலை. பைஎம்எல் (PyYAML, யாமல் ஃபைல படிக்கற லைப்ரரி) 5.4.1, 2021 ஜனவரில வந்த வெர்ஷன், அதுக்கு பைத்தான் 3.9 வரைக்கும்தான் வீல் இருந்துச்சு. 3.10-ல ஓட்டுனவங்களுக்கெல்லாம் சத்தமில்லாம சோர்ஸ்லேர்ந்து கட்டிட்டு இருந்துச்சு, யாரும் கவனிக்கல. அதோட பில்டு கான்ஃபிக்ல சைத்தான் வேணும்னு மட்டும் இருந்துச்சு, எந்த வெர்ஷன் வரைக்கும்னு இல்ல. ஜூலை 17 சைத்தான் 3.0 வந்துச்சு (பேருக்கு ஏத்த வேலைய அன்னைக்குத்தான் காட்டுச்சு), அடுத்த நிமிஷத்துலேர்ந்து பைஎம்எல் பழைய வெர்ஷன சோர்ஸ்லேர்ந்து கட்டுன அத்தனை சிஐயும் விழுந்துச்சு. டாக்கர் கம்போஸ் ஒண்ணாம் வெர்ஷன் பைஎம்எல் 6-க்கு கீழதான் வேணும்னு கேக்கும், ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைன் டூலும் அப்ப 5.5-க்கு கீழ கேட்டுட்டு இருந்துச்சு, அதனால நேரா பைஎம்எல்ல தொடாதவங்க கூட மாட்டுனாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அவங்கள்ல நெறைய பேர் வெர்ஷன ஒழுங்கா பின் பண்ணவங்க. உங்க திங்கக்கிழமை இதேதான்னு நான் சொல்லல, எரர் லாக் பாக்காம சொல்ல முடியாது, ஆனா இந்த வகையாத்தான் இருக்கும்.

அப்ப பண்ண வேண்டியது ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதோட கிளை. எந்த வெர்ஷன் வேணும்னு முடிவு பண்ற வேலை பில்டு நேரத்துல நடக்கவே கூடாது. அது ஒரு ஆள் கமாண்ட் ஓட்டி, டிஃப் பாத்து, ரிவியூ வாங்கி உள்ள வர்ற கமிட்டா இருக்கணும். பில்டு மெஷினோட வேலை எழுதி வச்சத எடுத்துட்டு வர்றது, ஹாஷ் சரியான்னு பாக்கறது, அவ்ளோதான்.

உங்க நாப்பது லைன் ஃபைல பேரு மாத்தி இன் (.in) ஃபைல்னு வச்சுக்கோங்க, அதுல உங்க கோடு நேரா இம்போர்ட் பண்றது மட்டும் இருக்கட்டும், ரெண்டு ஈக்வலுக்கு பதிலா உண்மையிலயே தேவையான வரம்ப மட்டும் போடுங்க. அதுலேர்ந்து பிப்-கம்பைல், யூவி (uv) ரெண்டு டூல்ல ஒண்ண வச்சு, எல்லா பேக்கேஜுக்கும் எந்த வெர்ஷன்னு எழுதி வைக்கற லாக் ஃபைல உருவாக்குங்க, ஹாஷ் ஜெனரேட் பண்ற ஆப்ஷனோட. லாக் ஃபைல கையால யாரும் திருத்தக் கூடாது, அத கண்டிப்பா வச்சுக்கோங்க. பிப்-கம்பைலா யூவியான்னு கேட்டா இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் யூவின்னுதான் சொல்வேன். ஆஸ்ட்ரல் கம்பெனி 2024 பிப்ரவரில விட்டாங்க, ரஸ்ட்ல எழுதினது, வேகம் நல்ல வேகம், ஆனா வேகத்துக்காக சொல்லல. உங்க ஆளுங்க மேக்ல உக்காந்திருப்பாங்க, சிஐ லினக்ஸ். பிப்-கம்பைல் ஓட்டுற மெஷினுக்கு என்ன வேணுமோ அத மட்டும்தான் லாக்குல எழுதும். பைதார்ச்ங்கற ஏஐ லைப்ரரிய எடுத்துக்கோங்க, லினக்ஸ்ல என்விடியா பேக்கேஜ் ஒரு கூட்டமே கூட வரும், மேக்ல அது எதுவும் கிடையாது. மேக்ல லாக் பண்ணி கமிட் பண்ணா லினக்ஸ்ல அந்தக் கூட்டத்தக் காணோம். யூவில யுனிவர்சல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எல்லா பிளாட்ஃபார்முக்கும் சேத்து ஒரே லாக், எது எங்க வேணும்னு குறி போட்டே எழுதிடும். பிப்-கம்பைல்தான்னு முடிவு பண்ணா ஒவ்வொரு பிளாட்ஃபார்முக்கும் அந்தந்த மெஷின்ல ஓட்டி தனித்தனி லாக் வச்சுக்கணும், பேஸலோட பைத்தான் ரூல் தொகுப்பான ரூல்ஸ் பைத்தான் அதையும் வாங்கிக்கும், நீங்கதான் அலையணும்.

பேஸல் பக்கம் அந்த பழைய ரூல தூக்கிடுங்க. முன்னாடி இருந்தவர் நல்ல மனசோடதான் எழுதிருப்பார், ஆனா ரூல்ஸ் பைத்தான்ல இருக்கற பிப் பார்ஸ் இத இன்னும் நல்லா பண்ணுது. அது லாக்குல இருக்கற ஒவ்வொரு பேக்கேஜையும் தனி ரெப்போவா ஆக்கி, டிபென்டென்சிய தேடாதேன்னு சொல்லியே பிப்ப கூப்பிடும். அதனால லாக்குல இல்லாத ஒண்ணு தானா நுழைய வழியே இல்ல, இல்லன்னா இல்லன்னு முகத்துல அடிச்ச மாதிரி எரர் வரும், அந்த எரர் நல்லது. இன்னொரு லாபம், கேட்டது மட்டும்தான் இறங்கும். ஒரு சின்ன சர்வீஸுக்கு டெஸ்ட் ஓட்டணும்னா பைதார்ச் இறங்குற வரைக்கும் டீ குடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம்.

அதுக்கப்புறம் இந்த எஸ்டிஸ்ட் வியாதி. பிப்புக்கு ஒன்லி-பைனரின்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, வீல் இல்லன்னா சோர்ஸ தொடாம எரர் குடு அப்படின்னு அர்த்தம். பிப் பார்ஸ்ல எக்ஸ்ட்ரா ஆர்க்யுமென்ட்டா அத எல்லா பேக்கேஜுக்கும் சேத்து போடுங்க. போட்டதும் சில பேக்கேஜ் அழும், பயப்படாதீங்க, அதுதான் இத்தன நாளா மறைஞ்சு நின்னு உங்கள கடிச்சுட்டு இருந்த கூட்டம். அதுல பாதிக்கு வெர்ஷன கொஞ்சம் ஏத்துனாலே வீல் கெடச்சுடும். மீதிக்கு நீங்களே ஒரு தடவ, ஒரு சுத்தமான கன்டெய்னர்ல, பில்டு டூல்களையும் பின் பண்ணி வீல கட்டி உங்க உள் இன்டெக்ஸ்ல (ஆபீஸோட சொந்த பேக்கேஜ் கிடங்கு) ஏத்தி வச்சுடுங்க. கட்டும்போது உங்க சர்வர்ல கிளிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) எந்த வெர்ஷன்னு பாத்துக்கோங்க, மெனிலினக்ஸ் 2014 குறி இருக்கற வீலுக்கு கிளிப்சி 2.17 போதும், மெனிலினக்ஸ் 2.28 குறி இருந்தா 2.28 வேணும், பேருலயே எழுதிருக்கும். எங்கயாவது ஆல்பைன் லினக்ஸ் இமேஜ் வச்சிருந்தீங்கன்னா அங்க இருக்கறது மசல்ங்கற வேற சி லைப்ரரி, கிளிப்சியே இல்ல, இந்த வீல் எதுவும் ஏறாது, மசல்லினக்ஸ் வீல்னு தனி ஜாதி தேடணும். இமேஜ் சைஸ் சின்னதா இருக்குன்னு ஆல்பைன்ல பைத்தான் ஓட்டி நிம்மதியா இருந்தவங்கள நான் அதிகம் பாத்ததில்ல.

இப்ப லீட் சொன்னது. எல்லா வீலையும் கிட்ல போடறது. அவரோட பயம் நியாயமானது, பைபிஐ கீழ விழுந்தாலோ யாராவது ஃபைல டிலீட் பண்ணாலோ நம்ம ரிலீஸ் நிக்கக் கூடாதுன்னு நெனக்கறார். டிலீட் பண்ண முடியும்ங்கறதும் உண்மைதான், ஓனர் நெனச்சா தன் ரிலீஸ தூக்கிடலாம். ஆனா மருந்து தப்பு. பைதார்ச்சோட லினக்ஸ் வீல் ஒண்ணே பல நூறு எம்பி, கிட்ஹப் 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைல உள்ளயே விடாது, அப்படியே விட்டாலும் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் பழசு ஹிஸ்டரில அப்படியே தங்கிடும், க்ளோன் பண்றவன் எல்லாம் சுமக்கணும். அதுக்கு பதிலா நடுவுல ஒரு மிரர் வைங்க, டெவ்பிஐயோ நெக்ஸஸோ ஆர்டிஃபாக்டரியோ எது உங்க ஆபீஸ்ல ஏற்கனவே இருக்கோ அது. ஒரு தடவ கேட்டத அது தன்கிட்ட வச்சுக்கும். லாக்குல ஹாஷ் இருக்கறதால மிரர் தப்பான ஃபைல குடுத்தாலும் பில்டு ஏத்துக்காது, ஆக கிட்ல வச்ச நம்பிக்கை கெடச்சுடுது, சுமை இல்லாம.

மிரர் வைக்கும்போது ஒரு பெரிய குழி இருக்கு, இதுல நிறுத்தி பேசறேன். உங்க கம்பெனி உள்ளயே எழுதின பேக்கேஜ் சிலது இருக்கும், அத உள் இன்டெக்ஸ்ல வச்சிருப்பீங்க, பிப்புக்கு எக்ஸ்ட்ரா இன்டெக்ஸ்னு அத காமிச்சிருப்பீங்க. பிப்புக்கு இந்த இன்டெக்ஸ் முக்கியம் அது ரெண்டாவதுங்கற பேதமே கிடையாது, ரெண்டுலயும் பாத்துட்டு எது பெரிய வெர்ஷனோ அத எடுக்கும். உங்க உள் பேக்கேஜ் பேர்லயே பைபிஐல ஒருத்தன் 99-ன்னு ஒரு வெர்ஷன ஏத்துனா முடிஞ்சுது. 2021 பிப்ரவரில அலெக்ஸ் பிர்சன்ங்கற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் இத செஞ்சே காமிச்சார், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால்னு 35-க்கு மேல கம்பெனிக்குள்ள அவரோட கோடு ஓடுச்சு. அவர் அனுமதியோட சோதனையா பண்ணார். அடுத்த வருஷம் சோதனையா வரல, 2022 டிசம்பர் 25-லேர்ந்து 30 வரைக்கும் பைதார்ச் நைட்லி பில்ட லினக்ஸ்ல பிப்ல போட்டவங்களுக்கு டார்ச்ட்ரைட்டன்ங்கற பேர்ல பைபிஐல உக்காந்திருந்த திருட்டு பேக்கேஜ் இறங்குச்சு, மெஷின்ல இருக்கற ரகசியத்தை வெளிய அனுப்புச்சு. காரணம் இதே எக்ஸ்ட்ரா இன்டெக்ஸ் குழப்பம்தான். அதனால ஒரே இன்டெக்ஸ் யூஆர்எல், உங்க மிரர் மட்டும், உள் பேக்கேஜ் எது வெளி பேக்கேஜ் எதுன்னு மிரருக்குள்ள விதி போட்டு பிரிங்க. யூவி இதுல கொஞ்சம் தேவலாம், முதல் இன்டெக்ஸ்ல பேர் கெடச்சா அடுத்ததுக்கு போகாது.

ஹாஷ் இருக்குன்னு இதுலயும் முழுசா தூங்கிட முடியாது. நீங்க லாக் பண்ற அன்னைக்கே அந்த வெர்ஷன் கெட்டுப் போயிருந்தா கெட்டதோட ஹாஷ்தான் பத்திரமா லாக் ஆகும். 2024 டிசம்பர்ல அல்ட்ராலிட்டிக்ஸ் 8.3.41, 8.3.42 ரெண்டும் கிரிப்டோ மைனரோட வந்துச்சு, அது ஒண்ணும் பேர் தெரியாத பேக்கேஜ் இல்ல. அதனால லாக் பண்ணும்போது புத்தம் புதுசா வந்தத எடுக்காதீங்க, யூவில எக்ஸ்க்ளூட்-நியூவர்னு தேதி குடுக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் பின்னாடி வைங்க. அவசரமான செக்யூரிட்டி ஃபிக்ஸ்னா மட்டும் விதிவிலக்கு.

சின்னச் சின்னதா ரெண்டு மூணு, இதெல்லாம் மாறும்போது காலைச் சுத்தும். பிப்-கம்பைல் தானா செட்டப்டூல்ஸ லாக்குல எழுதாது, அலவ்-அன்சேஃப்னு சொன்னாத்தான் எழுதும். பைத்தான் 3.12-லேர்ந்து புது விர்ச்சுவல் என்விரான்மென்ட்ல செட்டப்டூல்ஸ் கூடவே வர்றதும் நின்னுடுச்சு, டிஸ்ட்யூட்டில்ஸும் போயிடுச்சு, அதனால பழைய லைப்ரரி எதாவது திடீர்னு பிகேஜி ரிசோர்சஸ் காணோம்னு கத்துனா அங்க பாருங்க. கூகுள் கிளவுட் லைப்ரரி ரெண்டு மூணு சேத்து யூஸ் பண்ணா ஒண்ணு கெடச்சு ஒண்ணு காணாம போகும், ஏன்னா எல்லாம் ஒரே கூகுள்ங்கற நேம்ஸ்பேஸ்ல உக்காந்திருக்கு, பேஸல் காலி இனிட் ஃபைல தானா உருவாக்கி வச்சு ஒண்ண இன்னொண்ணு மறைச்சுடும், அந்தத் தானா உருவாக்கறத ஆஃப் பண்ண ஃப்ளாக் இருக்கு. ஏர்ஃப்ளோ மாதிரி பேக்கேஜும் அதோட ப்ரொவைடரும் ஒண்ண ஒண்ணு கேட்டு வட்டமடிக்கும், பேஸலுக்கு வட்டம்னா ஆகாது, ரூல்ஸ் பைத்தான்ல சைக்கிள்னு குறிச்சுக் குடுக்க இடம் இருக்கு.

இப்ப பாண்டாஸ்.

ஒரு பைத்தான் ப்ராசஸ்குள்ள ஒரு பேருக்கு ஒரு மாட்யூல்தான். பாண்டாஸ் ரெண்டு வெர்ஷன் ஒரே ப்ராசஸ்ல வாழவே முடியாது. தனித்தனி சர்வீஸ்தானே, தனித்தனி லாக் வச்சுக்கலாமேன்னு தோணும், பேஸல்ல ரெண்டு ஹப் (ஒரு லாக்குக்கு ஒரு பேக்கேஜ் தொகுப்பு) வைக்கலாம், பேன்ட்ஸ்ங்கற இன்னொரு பில்டு டூல்ல ரிசால்வ்னு சொல்வாங்க, வசதி இருக்கு. ஆனா உங்களோடது மோனோரெப்போ, பில்லிங்கும் டேட்டாவும் சேந்து யூஸ் பண்ற காமன் லைப்ரரி கண்டிப்பா இருக்கும், அது பாண்டாஸ இம்போர்ட் பண்ணும், அது எந்த ஹப்ப காமிக்கும்? ஒண்ண காமிச்சா இன்னொரு சர்வீஸ்ல ரெண்டு பாண்டாஸும் பாத்ல வந்து நிக்கும், முன்னாடி நிக்கறது ஜெயிக்கும், டெஸ்ட்ல ஒண்ணு ப்ரொடக்‌ஷன்ல ஒண்ணுன்னு கூட ஆகலாம். கூகுள் தன் ரெப்போல வெளி லைப்ரரிக்கு ஒரே வெர்ஷன்னு விதி வச்சிருக்கறது சும்மா இல்ல.

அதனால என் ஓட்டு ஒரே லாக்குக்கு. பில்லிங் டீம் ஏன் நகர மாட்டேங்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அப்பெண்ட், ஐட்டர்ஐட்டம்ஸ் மாதிரி 2.0-ல தூக்குன ஃபங்க்‌ஷன்தான் இருக்கும். அத 1.5.3-லயே கன்காட், ஐட்டம்ஸ்னு மாத்தி எழுதலாம், வெர்ஷன ஏத்தறதுக்கு முன்னாடியே கோட மட்டும் மாத்தி மெர்ஜ் பண்ணிடலாம், 1.5 வார்னிங் குடுத்து சொல்லவே சொல்லுது. அந்த வார்னிங்க டெஸ்ட்ல எரரா மாத்தி ஓட்டுங்க, எவ்ளோ வேலைன்னு ஒரு மத்தியானத்துல தெரிஞ்சுடும். இன்னொண்ணு அவங்ககிட்ட சொல்லுங்க, நகராம இருக்கறதும் பத்திரம் இல்ல. பாண்டாஸ் 1.5.3 தனக்கு அடியில இருக்கற நம்பை லைப்ரரிக்கு கீழ்வரம்பு மட்டும்தான் சொல்லுது, மேல்வரம்பு இல்ல. 2024 ஜூன்ல நம்பை 2.0 வந்தப்ப பாண்டாஸ மட்டும் பின் பண்ணி நம்பைய விட்டவங்களுக்கு இம்போர்ட்லயே டிடைப் சைஸ் மாறிடுச்சுன்னு எரர் வந்துச்சு, ஏன்னா நம்பை 1-க்கு கட்டுன பைனரி 2-ல ஓடாது. பாண்டாஸ் 2.2.2-லேர்ந்துதான் நம்பை 2-க்கு சரி. முழு லாக் வந்துட்டா இது தானா நடக்காது, ஆனா அப்கிரேட் பண்ணும்போது பாண்டாஸ், நம்பை, அதுமேல கட்டுன மத்ததெல்லாம் ஒரு குழுவா சேந்துதான் நகரணும், தனித்தனியா தள்ளப் பாக்காதீங்க.

உண்மையிலயே முடியல, ரெண்டு மாசம் வேணும்னு பில்லிங் சொன்னா ரெண்டாவது ஹப் போடுங்க, ஆனா லாக் ஃபைல் மேலயே எப்ப தூக்கணும் யார் பொறுப்புன்னு எழுதி, காமன் லைப்ரரி எதுவும் அந்த ஹப்ப தொடாம விசிபிலிட்டிய அடைச்சுட்டு போடுங்க. தேதி இல்லாத தற்காலிக ஹப்பு நிரந்தரமாயிடும், அப்புறம் மூணாவது வரும்.

இந்த வாரம் லாக் ஃபைலும் பிப் பார்ஸும் மட்டும் பண்ணுங்க, மிரர் அடுத்தது, பாண்டாஸ் அதுக்கப்புறம். முதல் லாக்க இப்ப ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டு இருக்கற இமேஜ்ல பிப் ஃப்ரீஸ் அடிச்சு வர்ற வெர்ஷன்களையே கன்ஸ்ட்ரெயின்ட்டா குடுத்து உருவாக்குங்க, அப்பத்தான் மாற்றமும் அப்கிரேடும் ஒண்ணா குழம்பாது. ஒன்லி-பைனரி போட்டதும் எந்தெந்த பேக்கேஜ் அழுதுன்னு லிஸ்ட் எடுத்து, அந்த திங்கக்கிழமை எரர் லாக்கோட சேத்து அனுப்புங்க, பாத்துட்டு எழுதறேன்.